அங்கீகரிக்கப்பட்ட தோல்

ஒரு முயலுக்கு எவ்வளவு தோல் இருக்கிறது என்ற கேள்வி உங்களுக்கும் வருவதில்லை, எனக்கும் வருவதில்லை. முயலுக்கே வருவதில்லை. இருக்கிற தோலுக்குள் இருந்துகொண்டு அது தன் பாட்டுக்குப் புல்லைத் தின்கிறது. ஆனால் அரசாங்கத்துக்கு எல்லாம் தெரிந்தாக வேண்டும். அதற்காகவே எத்தாளைக்குப் போகிற வழியில், களப்பு என்கிற கடலேரியின் ஓரமாக, 'கரையோர மக்கள் சருமநல ஆய்வு நிலையம்' என்று மும்மொழியிலும் பெயர்ப்பலகை தொங்கிய கட்டிடம் ஒன்று இருந்தது. யுத்தம் முடிந்து வெளிநாட்டு நிறுவனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு போனபோது மிஞ்சிய கட்டிடம். கட்டிடம் சும்மா கிடக்கிறது, ஆகவே உள்ளே ஒரு நிலையம் இருக்கத்தான் வேண்டும் என்று கொழும்பில் யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நோக்கம் நல்ல நோக்கந்தான், அதில் குறை சொல்லக் கூடாது. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்கிறார்கள். பாதம் வெடிக்கிறது, விரலிடுக்கு புண்ணாகிறது, அந்தப் புண்ணுக்குள் மறுபடியும் உப்பே போகிறது. அதற்கு ஒரு களிம்பு செய்ய வேண்டும் என்பது நிலையத்தின் வேலை. செய்தும் விட்டார்கள். வெள்ளை வெளேரென்று, தொட்டால் வழுக்குகிற நல்ல களிம்பு. களஞ்சிய அறையில் பீப்பாய் பீப்பாயாக அடுக்கியிருந்தது.

அந்தக் களிம்புக்காக ஊரிலேயே அதிகமாக ஏங்கியவள் மர்ளியா. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது மன்னாரிலிருந்து வாப்பாவின் தோளில் குந்திக்கொண்டு வந்து, அகதி முகாமில் வளர்ந்து, இங்கேயே உப்பளத்து ஃபைஸலைக் கலியாணம் முடித்தவள். வீட்டு முன்னறையில் மிஷின் போட்டுப் பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கிறாள். போன பருவத்தில் ஃபைஸலின் காலில் வந்த புண் இன்னும் ஆறவில்லை. மாசியில் உப்பு அள்ளத் தொடங்குவார்கள். அதற்குள் அவன் காலை ஊன்றி நிற்காவிட்டால் அவனுடைய பாத்திக்கு வேறு ஆள் வந்துவிடும். பாத்தி போனால் வேலை போனது மாதிரித்தான்.

களிம்பு இருக்கிறது, கால் இருக்கிறது, நடுவில் என்ன தடை என்று கேட்பீர்கள். நடுவில் முயல் இருந்தது.

மனிதனுக்குப் பூசுவதற்கு முன் முயலுக்குப் பூசிப் பார்க்க வேண்டும். இவ்வளவு தோலுக்கு இவ்வளவு மருந்து என்று கணக்கு வேண்டும். முயலின் தோலை யாரும் அடிமட்டம் வைத்து அளப்பதில்லை. உலகம் முழுக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. முயலைத் தராசில் வைத்து நிறுத்து, அந்த நிறைக்கு ஒரு கணக்குப் போட்டு, வருவதை ஒரு எண்ணால் பெருக்கினால் தோலின் பரப்பளவு வந்துவிடும். எலிக்கு ஒரு எண், முயலுக்கு ஒரு எண். அந்த எண்ணுக்கு மாறிலி என்று பெயர். புத்தகத்திலேயே இருக்கிறது. பணிப்பாளர் கலாநிதி அருளப்பு புத்தகத்தைப் பார்த்தார், எண்ணைப் போட்டார், கொழும்புக்கு அனுப்பினார். கொழும்பிலிருந்து விளக்கம் கேட்டுக் கணக்காய்வு ஐயவினா வந்தது.

"தாங்கள் பிரயோகித்துள்ள மாறிலியானது வெளிநாட்டு முயல்களிலிருந்து பெறப்பட்டதென அறியக்கிடக்கின்றது. உள்நாட்டு முயலொன்றுக்கு அந்நிய மாறிலியைப் பிரயோகிப்பதற்கான அங்கீகாரம் எந்தச் சுற்றுநிருபத்தின் பிரகாரம் எவரால் வழங்கப்பட்டது என்பதைத் தெரியப்படுத்தவும். அதுவரை மேற்படி களிம்பு எவருக்கும் பூசப்படலாகாது."

அருளப்பு சிலாபத்துக்காரர். நல்ல மனிதர், படித்தவர். பாம்புக்குப் பயப்பட மாட்டார், கணக்காய்வுக்குப் பயப்படுவார். முகாமைத்துவ உதவியாளர் ஸுஹைபைக் கூப்பிட்டார். அந்த வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வருகிறவர் ஸுஹைப். சுற்றுநிருபங்கள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"நம்ம முயலுக்கு நம்மட மாறிலி ஒண்டு வேணும், ஸுஹைப். முதல்ல நம்ம முயல்ட தோலை நாமளே அளக்கணும். என்ன வழி?"

"அந்தக் காலத்தில உரிச்சு விரிச்சுத்தான் அளந்திருக்காங்க, சேர்."

"உரிச்சிடலாமா?"

"முயல் இருப்புப் பொருள், சேர். உரிச்சா இருப்பிலருந்து கழிக்கணும். கழிக்கிறதுக்கு ஒரு சபை கூடணும். அதோட தோல் ஒரு பொருள், இறைச்சி ஒரு பொருள். ரெண்டையும் ஒரே அலுமாரியில வைக்க ஏலாது."

"வேணாம், வேணாம். கடதாசி சுத்தி அளந்தா?"

சுற்றினார்கள். முயல் கடதாசியைத் தின்றுவிட்டது. அவசரத்துக்கு எடுத்துச் சுற்றிய கடதாசி ஐயவினாவின் பிரதி. அந்தக் கந்தோரில் ஐயவினாவை முழுசாகச் சீரணித்த சீவன் அது ஒன்றுதான்.

கடைசியில் அருளப்புவுக்கே யோசனை உதித்தது. முயலுக்கு உடம்போடு ஒட்டினாற்போல ஒரு சட்டை தைப்பது. பிறகு தையலைப் பிரித்துத் துணியை மேசையில் விரித்து அளப்பது. துணியின் அளவுதான் தோலின் அளவு. மர்ளியாவுக்கு ஆள் போயிற்று.

"முயலுக்கா, சேர்?" என்றாள் மர்ளியா.

"ஓம், முயலுக்குத்தான்."

"ஆணா, பெண்ணா?"

"விஞ்ஞானத்துக்கு அது முக்கியமில்ல, தங்கச்சி."

"தையலுக்கு முக்கியம், சேர். சட்டையா கவுனா எண்டு தெரிய வேணாமா?"

அருளப்பு கொஞ்ச நேரம் யோசித்து, இரண்டு பாலுக்கும் பொதுவான உடையாக இருக்கட்டும் என்று தீர்மானித்தார்.

"சேர், எங்கட ஆளுக்குக் காலை நிலத்தில வைக்க ஏலாம இருக்கு. உள்ளுக்க இருக்கிற மருந்தில கொஞ்சம்..."

"முதல்ல மாறிலி, பிறகு மருந்து. சட்டை எவ்வளவு கெதியா வருதோ மருந்தும் அவ்வளவு கெதியா வரும்."

அதற்குப் பிறகு அவளுக்குச் சொல்ல வேண்டுமா? பெருநாள் உடுப்பில் மிஞ்சிய பூப்போட்ட சீத்தைத் துணியை எடுத்து அன்றைக்கே வெட்டத் தொடங்கிவிட்டாள். முகத்தையும் மூட வேண்டும் என்று அருளப்பு சொன்னதால் தலைக்குத் தொப்பி வைத்தாள். காது வெளியே வர இரண்டு ஓட்டை விட்டாள். பாதத்துக்கு ஒன்றும் தைக்கவில்லை. முயல் உதைத்தது ஒரு காரணம். "சட்டைக்கு உள்ளங்கால் தைக்கிற வழக்கம் எங்க இருக்கு, சேர்?" என்பது அடுத்த காரணம். அருளப்பு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். சட்டைக்கு உள்ளங்கால் இருப்பதாக அதில் எங்கும் இல்லை.

இங்கேதான் ஒரு சின்னச் சங்கதி நடந்துவிட்டது. மர்ளியாவுக்குத் தையல் பழக்கியது முகாம். நிவாரணத் துணி ஒரு முறை வந்தால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத இடம். ஆகவே அங்கே எந்தப் பிள்ளைக்கும் இந்த வருஷத்து உடம்புக்கு உடுப்பு வெட்ட மாட்டார்கள், வருகிற வருஷத்து உடம்புக்குத்தான் வெட்டுவார்கள். தோள் தொங்கி, கை விரலை மூடி, விளிம்பில் நாலு விரல் மடிப்போடு ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் போனது. மர்ளியாவின் கைக்கு அது ஊறிப்போன பழக்கம். நிலையத்தில் இருந்தவையும் எல்லாம் குட்டி முயல்கள். வளர்கிற உடம்புதானே என்று தாராளமாக விட்டு வெட்டி, மிச்சத்தை உள்ளே மடித்து, மேலால் நூலோட்டி, பார்வைக்கு இறுக்கமாக ஒட்டவைத்துக் கொடுத்தாள்.

ஸுஹைப் நேர்மையானவர். தையலை எல்லாம் பிரித்தார். மடிப்பை எல்லாம் நீவி விரித்தார். அளந்தார். வந்த கணக்கைப் பார்த்துவிட்டு அருளப்பு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"ஸுஹைப்! வெள்ளைக்காரன்ட முயலை விட நம்மட முயலுக்குத் தோல் கூட!"

"சந்தேகமில்ல, சேர். அளந்தது நான்."

"இவ்வளவு காலமும் நாங்க இதை அறியாம இருந்திருக்கோமே!"

கொழும்பு பூரித்துப்போனது. அந்நிய மாறிலியிலிருந்து நாடு விடுபட்டுவிட்டதாக அறிக்கை வந்தது. மேலதிக செயலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். நிலையத்தில் கொடியேற்றினார்கள். பட்டிஸ், ரோல்ஸ் கொடுத்தார்கள். இந்த மண்ணின் முயல் எந்த நாட்டு முயலுக்கும் குறைந்ததல்ல என்று அவர் சிங்களத்தில் பேச, ஸுஹைப் அதைத் தமிழில் சொன்னார். தமிழில் கொஞ்சம் நீண்டது. பிரித்ததை மறுபடியும் மூட்டிப் போட்ட பூப்போட்ட சட்டையும் தொப்பியுமாக முயல்கள் வரிசையாக நின்ற படம் பத்திரிகையில் வந்தது. மாறிலி அங்கீகரிக்கப்பட்டு, முத்திரையும் குத்தப்பட்டது.

படம் வந்த கையோடு மதுரங்குளியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் தாய்மார் மர்ளியாவின் வாசலில் குவிந்தார்கள்.

"எண்ட மகளுக்கும் அந்த முயல் கட்தான் வேணும்."

"காதுக்கு ஓட்டை வேணாமே? உங்கட மகளுக்குக் காது மேல இல்லையே."

"இருக்கட்டும், மர்ளியா. ஓட்டை இல்லாட்டி அது முயல் கட் எண்டு ஆருக்கு வெளங்கும்?"

அந்தப் பெருநாளுக்கு ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லாம் தலையில் இரண்டு ஓட்டையோடு திரிந்தார்கள்.

இந்த அமர்க்களத்தில் ஒருநாள் ஸுஹைப் தன் மகளுக்கு அளவு கொடுக்க வந்தார். மர்ளியாவை அக்கா முறையில் 'தாத்தா' என்பார். மடிப்பை எல்லாம் பிரித்து அளந்த தன் நேர்மையைப் பற்றி அவர் பெருமையாகச் சொல்லப்போக, மர்ளியாவுக்கு அப்போதுதான் நடந்த பிழை விளங்கியது. விடிந்ததும் அருளப்புவின் கதிரைக்கு முன்னால் போய் நின்றாள். ஸுஹைபும் பக்கத்தில் நின்றார்.

"சேர், அந்த மடிப்பு முயல்ட தோல் இல்ல. அது வளர்றதுக்கு விட்ட துணி."

"வளர்றதுக்கு விட்டதா?"

"பிள்ளையளுக்கு விடுற மாதிரித்தான், சேர். முயல் இன்னும் அந்தளவுக்கு வளரேல்ல."

அருளப்பு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மாறிலி அங்கீகரிக்கப்பட்டாச்சு, தங்கச்சி. அங்கீகரிச்ச பிறகு அதில பிழை இருக்க ஏலாது. பிழை இருந்தா அது முயல்லதான் இருக்கணும்."

"தோல் பற்றாக்குறை, சேர்," என்றார் ஸுஹைப்.

"அப்ப என்ன செய்றது?"

"நிவர்த்தி செய்யணும், சேர். சட்டை நிரம்புற அளவுக்கு முயலை வளர்க்க வேண்டியதுதான்."

கற்பிட்டித் தோட்டங்களிலிருந்து கரட்டும் முட்டைக்கோவாவும் லொறியில் வந்தன. முயல்கள் தின்றன. இரவு பகலாகத் தின்றன. சீக்கிரமே, மடிப்பில்லாமல் மர்ளியா தைத்துக் கொடுத்த புதுச் சட்டைகள் பொத்தான் தெறிக்கிற அளவுக்கு நிரம்பின. அருளப்பு சந்தோசமாகத் தராசைக் கொண்டுவரச் சொன்னார். நிறை ஏறியிருந்தது. ஏறிய நிறையை அங்கீகரிக்கப்பட்ட மாறிலியோடு வைத்துக் கணக்குப் போட்டால், தோல் இதைவிடக் கூட இருக்க வேண்டும் என்று வந்தது. சட்டை மறுபடியும் பற்றாது. மர்ளியாவுக்கு மறுபடியும் ஆள் போயிற்று.

"இந்த முறை வளர விடாம வெட்டுங்க, தங்கச்சி."

"எப்படி, சேர், விடாம வெட்டுறது? கண் முன்னாலயே வளருதே!"

இப்படிச் சட்டையும் முயலும் ஒன்றையொன்று துரத்தின. முயல்கள் ஆட்டுக்குட்டி அளவுக்கு வந்துவிட்டன. களிம்பை அவற்றுக்குப் பூசிப் பார்த்ததில் ஒரு கெடுதலும் இல்லை, மினுமினுவென்று இருந்தன. வீட்டில் ஃபைஸல் காலைக் கதிரை மேல் தூக்கி வைத்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் மர்ளியாவுக்குப் பொறுக்க முடியவில்லை. கத்தரிக்கோலை அருளப்புவின் மேசையில் சத்தமாக வைத்தாள்.

"முயலுக்குக் கரட் குடுக்க லொறி வருது. மனுசன்ட புண்ணுக்கு ஒரு விரல் மருந்து வரேல்ல. நான் இனித் தைக்க மாட்டன், சேர்!"

அவளுடைய கண்ணீரைப் பார்த்து அருளப்புவின் மனம் இளகியது உண்மை. ஆனால் களிம்பு வெளியே வந்ததற்குக் காரணம் கண்ணீர் இல்லை, மார்கழி மாதம். வருஷம் முடிவதற்குள் செலவழிக்காத ஒதுக்கீடு திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடும். இந்த நாட்டில் எந்த வேலையையும் முடித்துவைக்கிற மகா சக்தி அது ஒன்றுதான். பற்றாக்குறை முயல்களை மறந்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட மாறிலியை வைத்தே கணக்குப் போட்டு, களிம்பைப் பகிர்ந்தளிக்க நாள் குறித்தார்கள். பெரிய மாறிலி, ஆகவே ஆளுக்குப் பெரிய டின். டின்னின் அளவைப் பார்த்த உப்பளத்தார் ஒருவரும் கணக்கில் குறை காணவில்லை.

ஃபைஸல் பெண்சாதியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து வரிசையில் நின்றான். ஸுஹைப் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு அறிவுறுத்தலை வாசித்தார்.

"இக்களிம்பானது அங்கீகரிக்கப்பட்ட மேற்பரப்பில் மாத்திரம் பூசப்படல் வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட மேற்பரப்பெனப்படுவது ஆய்வின்போது சட்டையினால் மூடப்பட்டிருந்த பாகங்களாகும். காதுகளும் பாதங்களும் இதனுள் அடங்கா."

ஃபைஸல்தான் கேட்டான்.

"அப்ப காலுக்குப் பூசக் கூடாதா?"

"கரண்டைக்கு மேல எங்கயும் பூசலாம், நானா."

"புண் பாதத்திலதானே இரிக்கி?"

"அதுக்கு நாங்க என்ன செய்ற? புண் வரக் கூடாத இடத்தில வந்தீக்கி."

"பூசினா?"

"பூசினது தெரிஞ்சா பேர் வெட்டுப்படும். அடுத்த டின் இல்ல."

அடுத்த டின் இல்லை என்றதும் வரிசை முழுக்க அடங்கிப்போனது. உள்ளங்கால் தைக்கிற வழக்கம் இல்லை என்று சொன்னது தன் வாய்தான் என்பது மர்ளியாவுக்கு நினைவிருந்தது.

தொப்பி மூடியிருந்ததால் முகம் அங்கீகாரம் பெற்றிருந்தது. வாங்கின டின்னை வீணாக்கக் கூடாதே என்று உப்பளத்து யாகப்பு முகத்தில் பூசிப் பார்த்தான். வெயிலில் கருகிய முகம் மிருதுவாகி, மினுமினுத்து, ஒரு பிடி நிறம் கூடிவிட்டதாக அவன் பெண்சாதி கோயிலில் சொன்னாள். அவ்வளவுதான். தலவிலக் கோயிலுக்குப் போகிறவர்கள் பூசிக்கொண்டு போனார்கள், ஜும்ஆவுக்குப் போகிறவர்கள் பூசிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்கப் போனால் டின் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஃபைஸலின் டின்னை அவனுடைய கூடப்பிறந்த தாத்தா வந்து, மகள் ஃபஸ்னாவின் கலியாணத்துக்கு என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மேலதிக செயலாளர் மறுபடியும் ஜீப்பில் வந்தார். உப்பளத்தோரமாக வண்டியை மெதுவாக விடச் சொல்லிக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். வரிசையாக மினுங்கும் முகங்கள். திட்டம் மாபெரும் வெற்றி என்று எழுதினார். காலைப் பார்ப்பதென்றால் அவர் இறங்கியிருக்க வேண்டும்.

தை பிறந்தது. ஃபைஸலின் கால் அப்படியேதான் இருந்தது. ஃபஸ்னாவின் கலியாணத்தன்று காலையில் மர்ளியா நிலையத்துக்கு நடந்தே போனாள். அருளப்பு மாறிலி பற்றிப் பேசுவதற்காக வெளிநாடு போயிருந்தார். ஸுஹைப் இருந்தார். அவருடைய முகமும் பளபளத்தது.

"அல்லாஹ்வுக்காக ஒரு டின் தாங்க, தம்பி. பாத்தி போயிரும்."

ஸுஹைப் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மேசை லாச்சியைத் திறந்து ஒரு டின்னை எடுத்தார். "தாத்தா, காலுக்கெண்டு ஆருக்கும் சொல்லாதீங்க. கேட்டாக் கன்னத்துக்கெண்டு சொல்லுங்க."

டின்னை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவள் வெயிலோடு வெயிலாக வீட்டுக்கு ஓடி வந்தாள். ஃபைஸல் வெள்ளைச் சாரம் உடுத்து, புதுச் சட்டை போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். காலில் துணி சுற்றியிருந்தது. அவள் நிலத்தில் குந்தித் துணியை அவிழ்த்து, டின்னின் மூடியைத் திறந்தாள். அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"என்ன செய்ற நீ? அவ்வளவையும் காலில கொட்டப் போறியா?"

"காலுக்குத்தானே இதைச் செஞ்சவங்க!"

"கால ஆரு பாக்குற? கலியாண வீட்டில அவனவன் மொகத்தக் கழுவின கண்ணாடி மாதிரி வெச்சிக்கிட்டு வருவான். நான் மட்டும் உப்பளத்து மொகத்தோட போய் நிக்கவா?"

"மாசியில எப்படி உப்பு அள்ளப் போறீங்க?"

"மாசிக்கு இன்னும் நாள் இரிக்கி. கலியாணம் இண்டைக்கு."

அவளுடைய கையிலிருந்து டின்னை வாங்கி முகத்திலும் கழுத்திலும் அள்ளி அப்பினான். மர்ளியாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இந்த மனிதனுடைய காலுக்காக எத்தனை முயலுக்குச் சட்டை தைத்தாள், எத்தனை பேருடைய வாசலில் நின்றாள்! டின் காலியாகிவிட்டது. மூடிக்கு உட்புறத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை விரலால் வழித்தெடுத்துக்கொண்டு அவனுடைய காலைத் தேடினாள். கால் கதிரைக்குக் கீழே ஒளிந்திருந்தது.

தலையைத் தூக்கினபோது கண்ணாடி தெரிந்தது. அவனுடைய முகம் நிலா போல மினுங்கியது. பக்கத்தில் வெயிலில் ஓடி வந்த அவளுடைய முகம். இந்த இரண்டு முகமும் ஒன்றாகக் கலியாண வீட்டு வாசலில் போய் இறங்கினால் அவனுடைய தாத்தா என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். விரலில் எடுத்தது காய்ந்து வீணாகவும் போகக் கூடாது. மர்ளியா அதைத் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தாள். ஒரு கன்னம் மட்டும் மினுங்கினால் சனம் சிரிக்கும் என்று, மற்றக் கன்னத்துக்காக மூடியை இன்னொரு முறை வழித்தாள்.